அலமாரிக்குள் கேட்ட சத்தம்

ரேடியோ என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். வாய் ஓயாது, யார் திருகினாலும் நிற்காது என்று யாரோ ஒரு வாத்தியார் கடுப்பில் வைத்தது. கல்யாணம் செய்துகொண்டு வந்த வீட்டிலும் அந்தப் பெயர் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் பிழைப்பும் அதுவாகவே ஆகிவிட்டது. புத்தகங்களை வாய்விட்டு வாசித்து, பதிவுசெய்து, ஒலிப்புத்தகம் போடும் கம்பெனிக்கு அனுப்புகிறாள். வீட்டிலிருந்தே செய்யும் தொழில். அலுவலகம் எது என்று கேட்டால்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். படுக்கையறையிலிருக்கும் துணி அலமாரி.

சிரிக்க வேண்டாம். துணிக்கு நடுவே பேசினால் எதிரொலி இருக்காது. ஆளுயர அலமாரியின் கீழ்த்தட்டுகளைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு பக்கமும் கம்பளிக் கோட்டுகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தியிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே ஒரு சின்ன விளக்கு, ஒரு லேப்டாப், பூச்சி உருண்டை வாசனை, அவள். உள்ளே போய்விட்டால் வேறு யாருக்கும் சட்டை கிடையாது. மகள் காலேஜுக்குப் போட வேண்டியதைக் காலையிலேயே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு அப்பாவின் ஸ்வெட்டர்தான்.

வீட்டிலிருந்தே தொழில் என்றால் ஊரில் எல்லோருக்கும் பொறாமை. "உனக்கென்ன, வீட்லதானே இருக்க" என்பார்கள். பக்கத்து வீட்டுக்கு வரும் பார்சலை அவள்தான் வாங்கிவைக்க வேண்டும். மாடி வீட்டுக்கு வரும் குழாய்க்காரருக்கு அவள்தான் சாவி கொடுக்க வேண்டும். நாத்தனார் ஒரு முறை தன் பூனையையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், வீட்லதானே இருக்க என்று. பூனை ஒரு பாராவை நாசமாக்கியது. காலையில் தெருவில் ஒரே இரைச்சல், சாயங்காலம் நாலு வீட்டு டிவி. நடுவில் மத்தியானம் மட்டும்தான் தெரு கண்ணயரும். அந்த நேரத்தில் அலமாரிக்குள் போனால்தான் உண்டு.

அதற்காக வீட்டில் சட்டதிட்டங்கள் வந்தன. படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் வீடு கப்சிப். குழாயைத் திறக்கக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜின் உறுமலே மைக்கில் விழும் என்பதால் அதையும் அணைத்துவிடுவாள். அணைத்ததை மறந்துபோய் ஒரு வாரத்துப் பாலும் கெட்டுப்போன பிறகு ஒரு யோசனை செய்தாள். ஃப்ரிட்ஜை அணைக்கும்போதே வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது. வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தே தீரும். வந்தவர்கள் முன்னால் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டைக்குப் பக்கத்திலிருந்து சாவியை எடுக்கும்போது அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கும் பழகிவிட்டாள்.

சாயங்காலத்துச் சட்டம் தனி. தொண்டைதான் மூலதனம். பதிவு முடிந்தால் வெந்நீரைக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பாள். வேண்டியதைக் கையாலேயே கேட்பாள். இரண்டு விரலைக் காட்டினால் உப்பு, கையை விசிறினால் ஜன்னல். ரேடியோ ஊமையானது பெரிய அதிசயம்தான். ஆனால் வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு இந்த வேலை உயிர். முன்பு ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். எழுதிக்கொடுத்த ஏழெட்டு வாக்கியங்களையே நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அதை உதறிவிட்டு வந்து, மிக்ஸி கையேடு, காப்பீட்டு விதிமுறை என்று கிடைத்ததையெல்லாம் வாசித்து, இப்போதுதான் ஒரு முழு நாவல் கைக்கு வந்திருக்கிறது. கப்பல் சமையல்காரன் ஒருவன், காணாமல் போன தம்பியைத் துறைமுகம் துறைமுகமாகத் தேடிப் போகும் கதை. தலையணை தடிமன், மூன்று பாகம். முதல் பாகம் நன்றாக வந்தால் மூன்றும் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் சொன்னவர் கம்பெனியின் எடிட்டர். மரியாதையான மனிதர். கெட்ட செய்தியைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சொல்லுவார்.

"மேடம், உங்க ஃபைல்ல ஒரு சின்ன உறுமல் கேக்குது. மோட்டார் மாதிரி. ரொம்ப மெல்லிசா. ஆனா ஹெட்போன்ல கேக்கறவங்களுக்கு உறுத்தும்."

"ஃப்ரிட்ஜை அணைச்சிட்டேனே."

"அப்ப வேற ஏதோ. நான் முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டேன். சில இடத்துல உங்க குரலும் சேர்ந்து போகுது."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். உண்மைதான். எங்கேயோ ஆழத்திலிருந்து, கனமாக, குட்டையாக ஒரு சத்தம். வந்து உடனே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி.

மூன்றாவது அத்தியாயத்திலும் அது இருந்தது. இந்த முறை எடிட்டர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். "மேல இருக்கறவங்க கேக்கறாங்க மேடம். வீட்லேர்ந்து பண்றவங்களுக்கு எல்லாம் இதே தலைவலிதான்னு. நாலாவதுலயும் இருந்தா, ஸ்டுடியோ வச்சிருக்கறவங்க யாருக்காவது குடுத்துடுவாங்க. எனக்கே கஷ்டமா இருக்கு."

மூன்று பாகமும் கைநழுவிப் போய்விடும் போலிருந்தது. ஆனால், பயத்தோடு பயமாக வேறொன்றும் உள்ளே குடைந்தது. இது என்ன சத்தம்? எங்கிருந்து வருகிறது? தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாத ஒரு சத்தமா?

நல்ல வேளையாக வீட்டிலேயே நிபுணர் ஒருவர் இருந்தார். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் எங்கே கிறீச்சென்றாலும், காதில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியை வைத்து, முனையை இரும்பில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதிகம் பேசாத ஆள். பேச வேண்டிய அவசியம் அந்த வீட்டில் அவருக்கு வந்ததும் இல்லை.

"மத்தியானம் சாப்பிட வரீங்களே, அப்ப உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் யோசித்தார். "ஒண்ணும் கேக்கலையே. உன் குரல்தான் கேக்கும்."

விடுமுறை நாளன்று காலையில் வேட்டை தொடங்கியது. அவள் அலமாரிக்குள் உட்கார்ந்து பழைய மிக்ஸி கையேட்டை வாசிக்க, அவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வீட்டை வலம்வந்தார். ஃப்ரிட்ஜின் வயிற்றில் வைத்துக் கேட்டார். தண்ணீர்க் குழாயில் கேட்டார். மின்சார மீட்டரில், ஜன்னல் கம்பியில், மாடி வீட்டுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயில் கேட்டார். ஆடிய குழாயைக் கயிறு போட்டுக் கட்டினார். எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டார். மகள் மூச்சுவிட்டதற்கே திரும்பி முறைத்தார்.

"உன் அலமாரிப் பின்பக்கம் வெறும் பலகைதான்" என்று தட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் அலமாரி, அந்தப் பக்கம் நடை. அதுல பூச்சி கீச்சி அரிக்குதான்னு பாத்தேன். இல்ல. வீடு சுத்தம்."

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் மத்தியானம் தெம்பாக நாலாவது அத்தியாயத்தில் பாதியை வாசித்தாள். சாயங்காலம் போட்டுக் கேட்டாள். இருந்தது. முன்பைவிட அதிகமாகவே இருந்தது.

அவள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். அழுகை வந்தது. கொஞ்சம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, இதுவரை பதிவுசெய்ததையெல்லாம் வரிசையாகக் கேட்க உட்கார்ந்தாள். அப்போதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. மிக்ஸி கையேட்டில் அந்தச் சத்தம் இல்லை. காப்பீட்டு விதிமுறையில் இல்லை. அதே அலமாரி, அதே மைக், அதே மத்தியானம்தான். நாவலில் மட்டும் இருக்கிறது. நாவலிலும் கடலை வர்ணிக்கும் இடங்களில் அவ்வளவாக இல்லை. சமையல்காரனுக்குத் தம்பியைப் பற்றித் துப்புக் கிடைக்கும் இடமெல்லாம் இருக்கிறது. இன்னொன்றும் கவனித்தாள். வாக்கியத்தின் நடுவில் ஒருநாளும் வருவதில்லை. அவள் நிறுத்தும் இடத்தில்தான் வருகிறது.

"மோட்டாருக்கு எப்படிடி தெரியும், நான் எங்க நிறுத்துவேன்னு?" என்று மகளிடம் கேட்டாள். சாயங்காலச் சட்டத்தை மறந்துபோய் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பேயா இருந்தாலும் நல்ல ரசனை உள்ள பேயா இருக்கும்மா. மிக்ஸி கையேட்டுக்கெல்லாம் வரலை பாரு."

அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்புதான். வேலை போய்விடும் என்ற கவலைகூட ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. கதை பிடித்த சத்தம். நிறுத்தம் தெரிந்த சத்தம். அதைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டாள். ஃப்ரிட்ஜை அணைத்துச் சாவியை உள்ளே வைத்தாள். அலமாரிக்குள் போய், ஹெட்போனில் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சமையல்காரன் ஒரு துறைமுகத்து விடுதிக்கு வந்திருக்கிறான். தம்பியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒருவன் மாடியேறிப் போனதைப் பார்த்ததாகப் பாத்திரம் கழுவுபவள் சொல்கிறாள். ரேடியோ அங்கே நிறுத்தினாள்.

சத்தம் வந்தது.

குரலை மாற்றாமல் தொடர்ந்தாள். சமையல்காரன் படியேறுகிறான். சத்தம். நடையின் கோடியில் ஒரு கதவு, அதன் அடியில் வெளிச்சம். சத்தம். இப்போது அவளுக்குத் திசை தெரிந்தது. முதுகுக்குப் பின்னால். பலகை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைப் பலகையோரம் கொண்டுபோனபடி வாசித்தாள். "அவன் கைப்பிடியைத் திருகினான். கதவு திறந்தது. ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றவன் மெல்லத் திரும்பினான். அவன்..."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த சொல் புத்தகத்தில் இருந்தது. அவள் சொல்லவில்லை.

வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு பலகைக்கு அந்தப்புறமிருந்து, அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், பொறுமையிழந்த ஒரு குரல் கேட்டது.

"ம்? அப்புறம்?"

ரேடியோ அலமாரியிலிருந்து பாய்ந்து, படுக்கையறைக் கதவைத் திறந்து நடைக்கு வந்தாள். மெக்கானிக் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை பலகையில் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. மடியில் சாப்பாட்டு டப்பா, கையில் ஆறிப்போன ஒரு கவளம்.

"நீங்களா?"

அவர் கண்ணைத் திறந்தார். "நான் என்ன பண்ணேன்?"

"உம் கொட்டியிருக்கீங்க. இத்தனை நாளா நாவல் பூரா உம் கொட்டியிருக்கீங்க."

"நானா? நான் வாயையே திறக்கலையே. சாப்பிட்டுட்டுதானே இருந்தேன்."

அவள் லேப்டாப்பைத் தூக்கிவந்து, ஒலியைக் கூட்டிப் போட்டுக் காட்டினாள். மூன்று நான்கு தடவை கேட்டதும் அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஊரிலுள்ள லிஃப்டுகளின் சத்தமெல்லாம் தெரிந்த மனிதருக்குத் தன் தொண்டைச் சத்தம் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டைச் சோதித்தபோது ஏன் அது வரவில்லை என்பதும் இப்போது புரிந்தது. மிக்ஸி கையேட்டுக்கு யார் உம் கொட்டுவார்கள்?

"என் பொழப்பே போகப் பாத்துது, தெரியுமா? சாப்பாட்டு மேஜை எதுக்கு இருக்கு? நடையில உக்காந்து சாப்பிடணும்னு என்ன வேண்டுதல்?"

"நாற்காலி கிறீச்சுங்குது. நீதானே இழுக்கக் கூடாதுன்ன." அவர் கவளத்தை டப்பாவில் திரும்ப வைத்தார். "முதல்ல அதுக்காகத்தான் இங்க உக்காந்தேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு. வீட்ல உன் குரல் கேக்கறது இந்த ஒரு இடத்துலதான்."

குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. எந்த மாடியில் லிஃப்ட் நிற்கவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். தான் கடைசியாக இவரிடம் உட்கார்ந்து ஒரு விஷயத்தை முழுசாகச் சொன்னது எப்போது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. இரண்டு விரல், விசிறல், வெந்நீர்க் கோப்பைதான் ஞாபகம் வந்தன. பேச்சையெல்லாம் விற்றுவிட்டு, வீட்டுக்குச் சைகையை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி விடு. நாளைலேர்ந்து நான் வேலை பாக்கற எடத்துலயே சாப்பிட்டுக்கறேன்" என்று அவரே எழுந்துகொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த ஜன்னல்கிட்ட நின்னவன், தம்பிதானா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல" என்றாள். "தொப்பியைத் திருடினவன்."

"ம்" என்றார் மெக்கானிக்.

சொன்னபடியே அவர் மத்தியானம் வரவில்லை. அவள் நாலாவது அத்தியாயத்தை முதலிலிருந்து பதிவுசெய்தாள். சத்தம் இல்லை. ஒரு தூசுகூட இல்லை. என்னவோ, வழக்கமாக நிறுத்தும் இடங்களில் நிறுத்திவிட்டு, எதற்காகவோ காத்திருந்து, அது வராததால் அவசரமாக அடுத்த வரிக்குப் போனாள். சீக்கிரமே முடிந்துவிட்டது. அனுப்பினாள்.

எடிட்டர் கூப்பிட்டார். "சுத்தமா இருக்கு மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மெக்கானிக்கை வச்சுதான் கண்டுபிடிச்சேன்" என்றாள். பொய்யில்லை.

"ரொம்ப சந்தோஷம். ஆனா..." என்று அவர் இழுத்தார். மன்னிப்பு வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி யாருக்கோ சொல்ற மாதிரி இருந்துது. இப்ப படிக்கற மாதிரி இருக்கு. அந்த உறுமலோட இருந்தாக்கூட, நான் வேலையை விட்டுட்டுக் கதை கேட்டுட்டிருந்தேன். இதை அப்படியே மேல அனுப்பினா மூணு பாகத்தையும் உங்களுக்கே குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியல. இன்னொரு தடவை பண்ணிப் பாக்கறீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டு அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள். சத்தம் இருந்தாலும் வேலை போகும், இல்லாவிட்டாலும் போகும் போலிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் கணவருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாங்க."

"ஏன், ஃப்ரிட்ஜா?"

"இல்ல. வேலை இருக்கு உங்களுக்கு."

மறுநாள் அவர் கருவிப்பையோடு வந்தார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். எதிர்ப்பக்கத்துக் கோட்டுகளை ஒதுக்கி, தலையணை ஒன்று போட்டிருந்தது.

"இதுக்குள்ளயா? ரெண்டு பேர் தாங்காது" என்றார். பலகையை அழுத்திப் பார்த்து, எடை கணக்குப் போடும் முகத்தோடு உள்ளே இறங்கினார். முழங்காலோடு முழங்கால் முட்டியது. அவர் தலைக்கு மேல் அவருடைய கல்யாணக் கோட்டே தொங்கிக்கொண்டிருந்தது.

"கேளுங்க. வாயைத் திறக்கக் கூடாது. மூக்காலயும் கூடாது. பிடிச்சா தலையை மட்டும் ஆட்டணும்."

அவர் தலையை ஆட்டினார். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கோட்டின் கைநுனியை எடுத்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார்.

அவள் தொடங்கினாள். முதல் பக்கத்தில் இரண்டு தடவை சிரிப்பு வந்து அழித்துவிட்டுத் திரும்பப் பதிவுசெய்தாள். பிறகு சிரிப்பு வரவில்லை. சமையல்காரன் விடுதிக்கு வந்தான். மெக்கானிக் தலையாட்டினார். பாத்திரம் கழுவுபவள் தொப்பியைப் பற்றிச் சொன்னாள். தலை இரண்டு முறை ஆடியது. நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் நிறுத்தினாள், அவர் கண்ணைப் பார்த்தாள், அந்தக் கண் போதும் போதும் மேலே போ என்ற பிறகு போனாள். ஜன்னலோரம் நின்றவன் திரும்பும் இடத்தில், முடிவு தெரிந்தும்கூட அவர் அவள் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். அவள் குரல் லேசாக நடுங்கியது. அதை அழிக்கவில்லை.

அத்தியாயம் முடிந்தது. பதிவை நிறுத்தினாள். அவர் கோட்டின் கையைத் துப்பிவிட்டு, அத்தனை நேரம் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து நீளமாக ஒரு "ம்ம்ம்" விட்டார். அலமாரிப் பலகை அதிர்ந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான். மிச்சம் அஞ்சாவது அத்தியாயத்துல."

"ம்." அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் வெளியே இருந்தது, வேலைக்குத் திரும்பும் நேரமும் ஆகியிருந்தது. இருந்தும் பலகையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரேடியோ வெந்நீர்க் குடுவையைப் பார்த்தாள். தொண்டை கரகரத்தது. குடுவையை ஒரு பக்கம் தள்ளிவைத்தாள்.

"உங்க தங்கச்சி பூனையைக் கொண்டுவந்து விட்டாளே, அன்னிக்கு என்ன நடந்துது தெரியுமா? உங்ககிட்ட சொல்லவே இல்ல" என்று ஆரம்பித்தாள்.

"ம்" என்றார் அவர்.